மொட்டை மாடி மழை போன இடம்

சென்ற மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் போகும் நேரத்தில் கைபேசியில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் கீர்த்தனா. நான் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது அவள் இளநிலைப் பொறியாளர். படத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து நீலக் குழாய் ஒன்று அழகாக இறங்கி வந்து, கற்றாழைத் தொட்டி ஒன்றுக்குள் முடிந்தது.

"அக்கா, இதை மழைநீர் சேகரிப்புன்னு எடுத்துக்கலாமா? செடிக்குப் போற தண்ணியும் பூமிக்குத்தானே போகுதுன்னு வீட்டுக்காரர் சட்டம் பேசறார்" என்று கீழே எழுதியிருந்தாள்.

"தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கான்னு பாரு" என்று பதில் போட்டேன்.

பார்த்தாளாம். ஓட்டை இல்லை. தொட்டி பிளாஸ்டிக். கற்றாழையும் பிளாஸ்டிக்.

அன்று முதல் அவளும் அவளுடைய சிநேகிதிகளும் பிடித்த பிடிதான், பழைய அனுபவங்களை எழுதித் தரவேண்டும் என்று. இப்போதெல்லாம் பறக்கும் கேமராவை விட்டு மேலிருந்தே படம் எடுத்துவிடுகிறார்கள். நல்லதுதான், முட்டி வலி மிச்சம். ஆனால் மேலிருந்து பார்த்தால் குழாயின் வாய்தான் தெரியும், வயிறு தெரியாது. அந்த வயிற்றைத் தேடி அம்பத்தூரில் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத நினைக்கிறேன்.

டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தெருக் குழாய், உடைந்த மூடி, மனு, மறுபடியும் தெருக் குழாய். பிறகு மழைநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி உதவிப் பொறியாளர் ஞானப்பிரகாசம் சார்.

சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் "அப்படியா, பார்த்துடலாமே" என்பார். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை அந்த ஒரு வார்த்தைக்கு வியர்க்காத ஒப்பந்தக்காரர் கிடையாது. ஏனென்றால் மனிதர் உண்மையிலேயே பார்த்துவிடுவார்.

மொட்டை மாடியில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார். வடாம் காய்கிற இடம், அதைவிட மேலாகக் குடிக்கிற தண்ணீர் விழுகிற இடம், அங்கே செருப்புக் காலோடு நடக்கலாமா என்பது அவர் கட்சி. கட்சியில் தவறில்லை. ஆனால் நாங்கள் ஏறுவது சித்திரை வெயிலில். சார் ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி, மாடி முழுக்கக் குதித்தபடியே குறிப்புச் சொல்வார். "தண்ணி வாட்டம் கிழக்கே... ஆ... சரியா இருக்கு. குழாய் வாயில வலை... ஆ... இல்லை. எழுதிக்கிட்டீங்களாம்மா? அந்த 'ஆ'வை எழுத வேண்டாம்." எதிர்வீட்டு மாடிகளில் கூட்டம் கூடிவிடும்.

குதித்தாலும் முறை தவறமாட்டார். பையில் ஒரு பித்தளைச் சொம்பு உண்டு. தண்ணீரை மாடியின் நான்கு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு கீழே இறங்கிப் போய்க் குழாயில் காதை வைத்துக்கொள்வார். நான் மேலிருந்து ஊற்ற வேண்டும். சத்தம் எங்கே இறங்கி எங்கே திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டே சுவரோடு நகர்வார். கடைசியில் உறிஞ்சுகுழியின் மூடியை வீட்டுக்காரர் கையாலேயே திறக்கச் சொல்லி, ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே விரலை விட்டு ஈரம் பார்ப்பார்.

பூந்தமல்லியில் தகரப் பெட்டி செய்யும் பாய் ஒருவர் வீட்டில் அந்தக் காது வைக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. சார் லேசாகச் சாய்ந்ததும் மொத்தக் குழாயும் அவரோடு கையில் வந்துவிட்டது. சன்னல் கம்பியில் கட்டித்தான் வைத்திருந்தார்கள். பாய் கொஞ்சமும் அசரவில்லை. "பைப்பு வைக்கணும்னுதான் நோட்டீஸ்ல போட்டிருந்துச்சி. வச்சேன். அழகாத்தானே இருக்கு?" என்றார். குழாயை மார்போடு அணைத்தபடி நின்ற சார், "ரொம்ப அழகு பாய். ஆனா மழைக்குக் கண்ணு தெரியாதே" என்றார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் தன் கையாலேயே தகரத்தில் புனல் செய்து அந்தத் தெருவுக்கே மாட்டிவிட்டார்.

எல்லா வீடும் சிரித்துத் தீர்கிற வீடாக இல்லை. மழையின் போக்கு மாறிக்கொண்டே வந்தது. ஐப்பசி, கார்த்திகை என்று நிதானமாகப் பெய்து ஊறவைத்த மழை, இப்போது ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. கொட்டிய அன்றைக்குத் தெருவில் படகு விடலாம். சித்திரை பிறந்தால் அதே தெருவில் குடங்கள் வரிசை நிற்கும். அப்படி ஒரு சித்திரையில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்த அடுக்ககத்துக்குப் போனோம்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சங்கத்தையும் கம்பெனி மாதிரியே நடத்துவார். தினமும் காலையில் வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து, யார் வீட்டில் எத்தனை வாளி என்று கேட்பார். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் யாரும் உட்காரக் கூடாது. நடக்க முடியாத ஒரு பெரியவரைக்கூட நாற்காலியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

அவர்கள் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. அதற்கு முன் போட்டதும் வற்றியதுதான். இப்போது இன்னும் ஆழமாக மூன்றாவது போட வேண்டும் என்று, திருச்செங்கோட்டிலிருந்து துளை போடும் போர் வண்டியையே வரவழைத்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு எங்கள் அலுவலக ஒப்புதல் தேவை. மழைநீர் அமைப்பு சரியாக இருக்கிறது என்று சார் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்புதல்.

"எங்க அமைப்பு பக்காவா இருக்கு சார், நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார் சுடலைமுத்து.

பார்த்தோம். வாட்டம் சரி, வலை சரி, குழாய் உறுதி. சொம்புத் தண்ணீர் சத்தமாக இறங்கித் தரைக்குள் போயிற்று. ஆனால் உறிஞ்சுகுழியைத் திறந்தால் உள்ளே ஒரு பூனை, குட்டிகளோடு சௌகரியமாகப் படுத்திருந்தது. சார் விரலை விட்டுப் பார்த்தார். புழுதி. மழையே பார்த்திராத குழி.

"மாடியில விழற மழை இத்தனை வருஷமா எங்கேயோ போகுது. அது எங்கேன்னு தெரியாம இன்னொரு ஓட்டை போட்டா அதுவும் வத்தும். அதோட இந்தத் தெருவுல மத்தவங்க கிணறும் சேர்ந்து வத்தும்" என்றார் சார்.

சுடலைமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. "சார், எங்க பில்டிங்ல கைப்புள்ளக்காரி ரெண்டு பேரு அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டாவ. தண்ணியில்லாம இங்க எப்படிக் கிடக்கது? நீங்க குழாய ஆராய்ச்சி பண்ணுதிய" என்றார். அவர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கே கஷ்டமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே மேலிடத்திலிருந்து சாருக்குப் போன் வந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடவேண்டும், முடியாதென்றால் வேறு ஒருவர் வந்து போடுவார். சார் "சரிங்க" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வர முடியுமாம்மா? மஞ்சத்தூள் போட்டுப் பார்த்துடலாம்."

மாடியில் கலர்த் தண்ணீரை விட்டு, அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பது ஒரு முறை. சாயப்பொடி நன்றாகத் தெரியும். ஆனால் நிலத்தடித் தண்ணீரில் சாயம் கலக்கச் சார் சம்மதிக்கமாட்டார். மஞ்சள்தூள்தான். வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று சுடலைமுத்து அடுக்ககத்தின் கைபேசிக் குழுவில் செய்தி போட்டார். மஞ்சள் வந்து குவிந்தது. மூன்றாவது மாடியில் யாரோ அவசரத்தில் சாம்பார்ப் பொடி டப்பாவைக் கொடுத்துவிட்டது அப்போது எங்களுக்குத் தெரியாது.

குழாயைக் கழுவித் தள்ள நிறைய தண்ணீர் வேண்டும். மழை இல்லை. அதனால் தண்ணி லாரியை வரவழைத்தார்கள். லாரி டிரைவர் பாபு அந்தப் பக்கத்துக்கே தண்ணீர் ஊற்றுகிறவர். வேப்பம்பட்டுத் தோட்டங்களில் ஏற்றிக்கொண்டு வருவார். குழாயை மொட்டை மாடிக்கு இழுக்கச் சொன்னதும் வண்டியை விட்டு இறங்கி மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? தண்ணி இல்லன்னு என்னாண்ட வாங்கிகினு மொட்ட மாடில ஊத்துறீங்கோ? வெயில்ல எல்லாருக்கும் மண்ட சூடாய்ச்சா?"

"இது ஒரு சோதனை பாபு" என்றார் சார், ஒற்றைக் காலில் நின்றபடி.

"அது பாத்தாலே தெர்து சார்."

மஞ்சளைக் கரைத்து ஊற்றி, பின்னாலேயே ஒரு லாரித் தண்ணீரையும் விட்டோம். உறிஞ்சுகுழி அருகே சார், தெருச் சாக்கடையில் ஒருவர், வற்றிப்போன பழைய உறைகிணற்றில் ஒருவர், பின்பக்கச் சந்தில் ஒருவர் என்று சுடலைமுத்து ஆள் நிறுத்தியிருந்தார். ஆளுக்கொரு போன். "குழியில் ஒன்றுமில்லை." "சாக்கடையில் ஒன்றுமில்லை." "கிணற்றில் ஒரு தவளை இருக்கிறது." லாரி காலியாயிற்று. மாடி காய்ந்தது. ஒரு சொட்டு மஞ்சள் எங்கேயும் வரவில்லை. போர் வண்டிக்காரர்கள் இயந்திரத்துக்கு எண்ணெய் விடத் தொடங்கினார்கள். சார் அந்தக் காய்ந்த குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சோர்ந்து அவரை நான் பார்த்ததில்லை.

அப்போது பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரே கூச்சல் கேட்டது. அடுக்ககத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். சண்டையோ, மயக்கமோ என்று பார்க்க நான் போனேன். வாசலில் பலகை: 'மஞ்சள் நீராட்டு விழா. செல்வி வர்ஷா.'

உள்ளே காலெடுத்து வைத்ததும் ஓர் அம்மாள் சந்தனம் பூசி, கற்கண்டு கொடுத்து, "ஏம்மா இவ்ளோ லேட்டு? மொதல்ல சாப்புடு" என்று பந்திப் பக்கமாகத் தள்ளிவிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதால் நான் பெரிதாகத் தகராறு செய்யவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கூச்சல் கை கழுவும் இடத்திலிருந்துதான் வந்தது. எட்டிப் பார்த்தேன்.

வரிசையாக இருந்த அத்தனை குழாயிலும் மஞ்சள் தண்ணீர்.

கொட்டுகிறது என்றால் அப்படி ஒரு கொட்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள் தெறிப்பு. ஆனால் ஒருவரும் கோபப்படவில்லை. பெண்கள் அள்ளி அள்ளி முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். "இன்னா ஏற்பாடுடீ! மஞ்ச தண்ணி சுத்தற விசேசத்துக்குக் கொயாலயே மஞ்ச தண்ணி உட்டுகீறாங்கோ!" என்று ஒருத்தி வியந்தாள். "யார் ஏற்பாடு? யார் ஏற்பாடு?" என்று கூட்டம் கேட்டது.

நடுவில் பட்டு வேட்டியில் ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். வர்ஷாவின் தாய்மாமன் ஏழுமலை, மாங்காட்டில் பூக்கடை வைத்திருப்பவர். ஒரு நொடிதான் யோசித்தார்.

"வேற யாரு? தாய்மாமன்தான்!" என்றார். "சீர் செய்ய வந்தா சும்மாவா வருவோம்? நம்ம பொண்ணுக்கோசரம் மோட்டார் வச்சி உட்டுகீறேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. போட்டோக்காரர் அவரைக் குழாயோடு சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார். அதற்குள் விஷயம் மேடைக்கு எட்டிவிட்டது. சடங்குக்காக உட்காரவைக்கப்பட்டிருந்த வர்ஷா மாலையோடு எழுந்து ஓடிவந்துவிட்டாள். கொஞ்சம் தண்ணீரைக் கையில் பிடித்தாள். முகர்ந்தாள்.

"மாமா, இது சாம்பார் வாசனை அடிக்குது."

எல்லோரும் கையை முகர்ந்து பார்த்தார்கள். முகத்தில் பூசிக்கொண்டவர்கள் பக்கத்தில் இருந்தவர்களை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். ஏழுமலை மெதுவாக மீசையிலிருந்து கையை எடுத்தார்.

நான் வெளியே ஓடி, சுவருக்கு மேலாக "சார்! இங்க வாங்க சார்! கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். வாசல் வழியாகச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் சார் சுவரேறிக் குதித்தார். பின்னால் சுடலைமுத்து, பாபு, போர் வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். அவர்களுக்கும் ஓர் அம்மாள் சந்தனத்தோடு தயாராக நின்றாள்.

மண்டப உரிமையாளர் தணிகாசலம் சமையல்கட்டுக்குப் பின்னால் கையில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். தரைக்கடித் தொட்டியின் மூடி திறந்திருந்தது. அதைச் சுற்றிக் கோலம், குங்குமம், எலுமிச்சம்பழம்.

"தண்ணி எப்படி வந்தது ஐயா?" என்றார் சார்.

"அத்த ஏன் கேக்குறீங்கோ சார்? நம்ம சம்ப்பு அம்மன் குட்த்தது. ஐப்பசில தானா ரொம்பும், பங்குனி வரைக்கும் வத்தாது. நான் ஒரு சொட்டு உட்டதில்ல. வெள்ளிக்கெயம ஆனா சூடம் காட்டிடுவேன். இன்னிக்கு அடி தெரிஞ்சிபோச்சு, விசேசம் நட்க்குது, மானம் போவப்போவுதுன்னு அய்துகினு நிக்கிறேன். தொபதொபன்னு சத்தம்! டார்ச் அட்ச்சிப் பாக்குறேன், மஞ்ச கலர்ல தண்ணி! ஆத்தா வந்துட்டான்னு மோட்டார போட்டுட்டேன்." அவர் கண்களில் நீர் நின்றது.

அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. சார் தன் செருப்பில்லாத காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தொட்டியைக் கும்பிட்டுவிட்டு மிக மெதுவாகச் சொன்னார். அடுக்ககமும் மண்டபமும் ஒரு காலத்தில் ஒரே மனையாக இருந்திருக்க வேண்டும். கட்டியவர்கள் மாடிக் குழாயைக் குழிக்குக் கொண்டுபோகாமல், கிட்டத்தில் இருந்த இந்தத் தொட்டிக்கே இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தது சுவருக்கு அந்தப் பக்கத்து மாடி மழை. மஞ்சள், எங்களுடையது.

தணிகாசலம் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு, "அப்போ சூடம்?" என்றார்.

"மழைக்குக் காட்டின கணக்குல வச்சுக்குங்க. தப்பில்லை" என்றார் சார்.

சுடலைமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. "எங்க தண்ணிய வருசக்கணக்கா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ஏழுமலை நடுவே வந்துவிட்டார். "த பாரு தம்பி, இது எங்க ஊட்டு விசேசம். சண்டன்னா நாளிக்கு வச்சிக்கோ. இன்னிக்கு நீயும் சாப்டு." போட்டோவில் விழுந்த பெருமையை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலை அவருக்கு. வர்ஷா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மாமா, ஆனா சைக்கிள் வாங்கிக் குடுக்கணும்" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பந்தியிலேயே பஞ்சாயத்து முடிந்தது. தணிகாசலம் தன் தண்ணீரை விட்டுக்கொடுக்க முதலில் சம்மதிக்கவில்லை. சார் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மண்டபத்துக் கூரை அவங்க மாடியை விடப் பெருசு. அதுல விழறது மொத்தமும் தெருவுக்குப் போகுது. அதைத் தொட்டிக்குத் திருப்புவோம், ரொம்பி வழியறதைக் குழிக்கு விடுவோம். அவங்க மழை அவங்க குழிக்கே போகட்டும். பூமிக்குள்ள போயிட்டா அப்புறம் சுவர் கிடையாது, ரெண்டு பேருக்கும் பொது" என்றார். தணிகாசலம் அண்ணாந்து தன் கூரையை அன்றுதான் முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

திங்கட்கிழமை சார் கையெழுத்துப் போடவில்லை. மேலிடத்துக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது, ஆனால் வேறு யாரும் வந்து கையெழுத்துப் போடவில்லை. போர் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பியது. வந்தது வீண் என்று அவர்கள் சொல்லவில்லை. விருந்து அப்படி.

பூனைக் குடும்பத்துக்கு வேறு இடம் பார்த்தோம். குழியைத் தோண்டிப் புது ஜல்லியும் மணலும் போட்டு, வற்றிய ஆழ்துளைக் கிணறு ஒன்றையும் தண்ணீர் உள்ளே இறக்குவதற்கென்று மாற்றினோம். அந்தக் கோடை முழுக்க லாரிதான். சுடலைமுத்து தினமும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு செய்தி போடுவார்: "மேகம் உண்டு. முன்னேற்றம் இல்லை."

மழை ஒரு வழியாக வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்டார்கள் என்று நானும் சாரும் போனோம். அடுக்ககம் முழுவதும் குடை பிடித்துக்கொண்டு குழியைச் சுற்றி நின்றது. அம்மா வீட்டுக்குப் போனவர்கள் கைக்குழந்தைகளோடு திரும்பியிருந்தார்கள். மாடித் தண்ணீர் திமுதிமுவென்று வந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. எவனோ ஒருவன் குழிக்குள் எட்டிப் பார்த்துத் தும்ம, சுடலைமுத்து அவனை அடிக்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு பாபுவின் லாரி வந்து நின்றது. முதல் நாளே சொல்லி வைத்த லோடு. வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் மறந்துவிட்டது. பாபு தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி, கூட்டத்தை விலக்கி, குழியைப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து போவுது?"

"காலையிலேருந்து" என்றேன்.

"இன்னும் ரொம்பலியா?"

"இல்லை."

பாபு குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்போ உள்ளாற எவ்ளோ காலியாக் கெடந்துகீது பாரேன்" என்றார்.

"சரி, என் லோட எங்க எறக்க? உங்க தொட்டி மழைல ரொம்பி வய்யிதே."

கோடை முழுக்க வாளியை எண்ணி எண்ணிக் கொடுத்த சுடலைமுத்து, மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குழியைக் காட்டினார். "இதுலயே விட்டுருங்க பாபு."

பாபு குழாயை இழுத்துக் குழிக்குள் விட்டுவிட்டு, லாரியில் சாய்ந்துகொண்டு மழையைப் பார்த்தார்.

"வேப்பம்பட்டுல தரைலேர்ந்து உறிஞ்சி, அம்பத்தூருல தரைக்குள்ள உடறேன்" என்றார். "பூமிக்கும் பூமிக்கும் நடுவுல லாரி ஓட்றவன் நான் ஒர்த்தன்தான் சார்!"